ஒலிப்பதிவும் திரை ஒழுங்கும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுதான். ஆயினும், கணினியில் இசையைப் பதிவு செய்யும் எவருக்கும் அது நாள்தோறும் கைகொடுக்கக் கூடியது. ஒலிப்பதிவுக்கென அமைந்த மென்பொருள்களில், திரையின் தோற்றத்தை அப்படியே சேமித்து வைத்து, வேண்டும்போது ஓரிரு விசைகளால் திரும்பக் கொணரும் வசதி ஒன்று உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் அதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருக்கிறது. லாஜிக் ப்ரோவும் ரீப்பரும் அதனை ஸ்கிரீன்செட் என்கின்றன. க்யூபேஸ் வொர்க்ஸ்பேஸ் என்கிறது. ப்ரோ டூல்ஸ் விண்டோ கான்ஃபிகரேஷன் என்று சற்று நீட்டிச் சொல்கிறது. பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. இப்பேச்சில் அதனைத் ‘திரை அமைப்பு’ என்றே குறிப்பிடுவேன்.

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும், தில்லியின் கரோல் பாகிலும், பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வாழும் நம்மவருள் இசைப் பதிவைத் தொழிலாகக் கொண்டோர் உளர். தொழிலாக அன்றி, குடியிருப்பின் ஓர் அறையில் ஒரு மைக்கும் மடிக்கணினியும் வைத்துக்கொண்டு, பஜனைக் குழுவின் பாடலையோ மகளின் நடனத்துக்கு வேண்டிய இசையையோ பதிந்து கொள்வோரும் உளர். இரு சாராருக்கும் நான் சொல்ல வருவது பொருந்தும். வானொலியில் திரையைக் காட்ட இயலாது. ஆகவே சொற்களைக் கொண்டே அதனைத் தங்கள் மனக்கண் முன் நிறுத்த முயல்கிறேன்.

திரை அமைப்பின் தேவை எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் காண்போம். கணினி வருவதற்கு முன்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தது ஒரு பெரிய மேசை. மிக்ஸர் என்றும் கன்சோல் என்றும் அதனை அழைத்தனர். அதில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு நெடுவரிசை இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் அதே திருகுகள் அதே இடத்தில் இருந்தன. அடியில் இருந்த ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை நாடா ஒன்றை ஒட்டி, இது வயலின், இது மிருதங்கம், இது குரல் என்று எழுதி வைப்பர். பொறியாளர் மேசையைப் பாராமலே கையை நீட்டுவார். வேண்டிய திருகு வேண்டிய இடத்தில் இருக்கும். அவருடைய கண் கண்ணாடிக்கு அப்பால் பாடுபவரின் முகத்தின்மேல் நிலைத்திருக்கும். பொருள்கள் இடம் மாறாதிருந்தமையால் கை தானே கற்றுக்கொண்டது. கை கற்றுக்கொண்டமையால் கண்ணும் செவியும் இசைக்கு உரியவையாயின.

கணினி இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த அட்டாரி எஸ்.டி. என்னும் கணினியில் இசைக்கருவிகளை இணைக்கும் மிடி இணைப்பு உடனிணைந்தே வந்தது. அதனால் இசைவாணர் பலர் அதனை நாடினர். அதற்கென விற்ற கறுப்பு வெள்ளைத் திரையின் அளவு 12 அங்குலம். அதில் குறுக்கே 640 புள்ளிகள், நெடுக்கே 400 புள்ளிகள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989-இல் க்யூபேஸை வெளியிட்டது அந்தக் கணினிக்குத்தான். பாட்டின் வரிசையும், சுரக் குறிப்பும், ஒலி அளவுகளும் அந்தச் சிறு சதுரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. அறை முழுதும் விரிந்து கிடந்த மேசை சன்னல் அளவுக்குச் சுருங்கியது. ஒன்றைப் பார்க்க மற்றொன்றை மூட வேண்டும். மூடியதைத் திறக்க எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். கை கற்றுக்கொள்ள அங்கே நிலையான இடம் இல்லாது போயிற்று.

இந்தக் குறையை ஈடு செய்ய எழுந்ததே திரை அமைப்பு. எமாஜிக் என்னும் ஜெர்மானிய நிறுவனம் 1990-களில் வளர்த்த லாஜிக் மென்பொருளில் அது முக்கியமான இடம் பெற்றது. 2002-இல் ஆப்பிள் நிறுவனம் எமாஜிக்கை விலைக்கு வாங்கியபோது அந்த வசதியும் உடன் வந்து இன்றளவும் நிலைத்திருக்கிறது. 1991-இல் நான்கு டிராக்குகளோடு தோன்றிய ப்ரோ டூல்ஸ், இத்தகைய வசதியை 2006-இல்தான் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் திரைகள் பெரிதாகிவிட்டன. ஆனால் திரையில் இடம்பெற வேண்டிய பொருள்கள் அதனினும் விரைவாகப் பெருகிவிட்டன. அறுபது, எழுபது டிராக்குகள் கொண்ட பாட்டு இன்று அரியதன்று. ஆகவே தேடும் தொல்லை இன்னும் தீர்ந்தபாடில்லை.

திரை அமைப்பு எதைச் சேமிக்கிறது, எதைச் சேமிப்பதில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். எந்தெந்தச் சாளரங்கள் திறந்திருந்தன, அவை எங்கே இருந்தன, எவ்வளவு பெரியனவாக இருந்தன, எவ்வளவு உருப்பெருக்கத்தில் இருந்தன என்பவற்றையே அது நினைவில் கொள்கிறது. ஃபேடர் எந்த அளவில் இருந்தது, எதிரொலி எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பவை அதன் பொறுப்பல்ல. ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு மாறினால் பாட்டின் ஒலியில் அணுவளவும் மாற்றம் நேராது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறலாம். புதிதாகப் பழகுவோர் சிலர், விசையை அழுத்தினால் செய்த வேலை கெட்டுவிடுமோ என்று அஞ்சி இவ்வசதியின் பக்கமே செல்வதில்லை. அந்த அச்சம் வேண்டுவதில்லை.

இனி, எத்தனை அமைப்புகள் வேண்டும் என்னும் கேள்வி எழுகிறது. லாஜிக்கிலும் ப்ரோ டூல்ஸிலும் 99 வரை வைத்துக்கொள்ளலாம். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பத் தொடங்கினால், எந்த எண்ணில் எது இருக்கிறது என்று தேடுவதே புதியதொரு வேலையாகிவிடும். சாளரங்களைத் தேடும் தொல்லைக்கு மாற்றாக வந்த வசதியில் அமைப்புகளைத் தேடும் தொல்லை நேருமானால் பயன் என்ன? நான்கு அமைப்புகள் போதும் என்பது என் கருத்து. அந்த நான்கும் திரையின் அழகைக் கொண்டு பிரிக்கப்பட்டவையாக இருத்தலாகாது. நாம் செய்யும் வேலையைக் கொண்டு பிரிக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும்.

முதல் அமைப்பு பதிவு செய்வதற்கு. பாடுபவர் மைக்கின் முன் நிற்கும்போது நமக்கு வேண்டியவை மிகச் சில: பதிவாகும் டிராக், ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர், எத்தனாவது வினாடியில் இருக்கிறோம் என்பதைக் காட்டும் பெரிய எழுத்து. கணினிப் பதிவில் 0 டெசிபல் என்பது கூரை. அதனைத் தாண்டும் ஒலி தலை வெட்டுண்டு சிதைந்துவிடும், பின்னர் அதனை முற்றிலும் செம்மை செய்தல் அரிது. ஆகவே மீட்டர் கண்ணுக்கு நேரே, எதனாலும் மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். ப்ளக்-இன் சாளரங்கள் இந்த அமைப்பில் ஒன்றேனும் இருத்தல் கூடாது.

இரண்டாவது அமைப்பு திருத்துவதற்கு. இங்கே அலைவடிவம் திரையை நிரப்ப வேண்டும். இரண்டு டேக்குகளை வெட்டி ஒட்டும்போது மூச்சு எங்கே தொடங்குகிறது, சொல் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் காணத்தக்க உருப்பெருக்கம் வேண்டும். மூன்றாவது அமைப்பு கலவைக்கு. மிக்ஸர் அகலமாக விரிந்திருக்க வேண்டும். பாட்டின் வரிசை மேலே ஒரு கீற்றாக இருந்தால் போதும். நான்காவது அமைப்பு பாட்டை முழுதாகக் கேட்பதற்கு. பல்லவி இங்கே, சரணம் இங்கே என்று காட்டும் அடையாளங்களும், குறைகளைக் குறித்துக்கொள்ள ஒரு குறிப்புச் சாளரமும் தவிர வேறெதுவும் இதில் வேண்டா. மிக்ஸர் கண்ணில் பட்டால் கை அதனை நோக்கிப் போகும். பாட்டைக் கேட்பதை விடுத்துத் திருகத் தொடங்கிவிடுவோம். எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதை மறைப்பது என்பதும் இங்கே கருதத் தக்கது.

இவற்றை அழைக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். லாஜிக்கில் 1 முதல் 9 வரையுள்ள எண் விசையை அழுத்தினால் அந்த எண்ணுக்குரிய அமைப்பு வந்துவிடும். இரண்டு இலக்க எண்ணாயின் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு முதல் இலக்கத்தை அழுத்த வேண்டும். க்யூபேஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, விசைப்பலகையின் வலப்புறத்தில் தனியே இருக்கும் எண் தொகுதியில் இலக்கத்தை அழுத்துவர். ப்ரோ டூல்ஸில் அதே எண் தொகுதியில் புள்ளி, எண், நட்சத்திரக் குறி என்ற வரிசையில் அழுத்துவர். மடிக்கணினிகள் பலவற்றில் இந்த எண் தொகுதி இருப்பதில்லை என்பதை நினைவில் கொள்க. க்யூபேஸைப் பயன்படுத்துவோர் வேறு விசைகளை அதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம். அல்லது தனியாக விற்கும் சிறு எண் பலகை ஒன்றை வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.

லாஜிக்கில் எண் விசையை அழுத்தியும் அமைப்பு மாறவில்லையென்றால் திகைக்க வேண்டா. கணினியின் விசைப்பலகையையே பியானோவாக மாற்றும் மியூசிகல் டைப்பிங் என்னும் சாளரம் திறந்திருக்கக் கூடும். அது திறந்திருக்கும்போது எண் விசைகள் சுரத்தை வளைக்கவும் அதிரச் செய்யவும் பயன்படுகின்றன. அதனை மூடினால் எண்கள் தம் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். டிராக்குக்குப் பெயர் எழுதும் கட்டத்தில் எழுத்துமுனை நின்றிருந்தாலும் இவ்வாறே நேரும். அப்போது எண் பெயரோடு சேர்ந்துவிடும்.

இப்போது மிக இன்றியமையாத செய்திக்கு வருகிறேன். சேமித்த அமைப்பு சேமித்தபடியே இருக்கும் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். லாஜிக்கில் அவ்வாறன்று. பூட்டப்படாத அமைப்பில் நாம் ஒரு சாளரத்தை நகர்த்திவிட்டு வேறோர் அமைப்புக்குச் சென்றால், நகர்த்திய நிலையே புதிய அமைப்பாகப் பதிவாகிவிடும். கேள்வி எதுவும் எழாது. அவசரத்தில் பதிவு அமைப்பின்மேல் ஒரு ப்ளக்-இன் சாளரத்தைத் திறந்தோம். அப்படியே கலவைக்குப் போனோம். மறுநாள் பாடுபவர் வந்து நின்றதும் 1-ஐ அழுத்தினால், மீட்டரை மறைத்துக்கொண்டு அந்தச் சாளரம் நிற்கும். இவ்வாறு நாளுக்குச் சிறிதாக மாறி மாறி, ஒரு திங்களில் நான்கு அமைப்புகளும் ஒன்றுபோலக் குழம்பிவிடும். ‘இந்த வசதி நம்பத் தக்கதன்று’ என்று பலர் கைவிடுவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு மாற்று, பூட்டு. லாஜிக்கில் திரையின் உச்சியிலுள்ள பட்டியில் ஸ்கிரீன்செட் எண் காணப்படும். அதன்கீழ் விரியும் பட்டியலில் லாக் என்பதைத் தேர்ந்தால், அல்லது ஷிஃப்ட் விசையோடு எல் விசையை அழுத்தினால், அந்த அமைப்பு பூட்டப்படும். எண்ணின் அருகே ஒரு புள்ளி தோன்றும். அதன்பின் சாளரங்களை எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். அதே எண்ணை மறுபடி அழுத்திய மாத்திரத்தில் யாவும் பழைய இடத்துக்கு வந்து சேரும். சிலேட்டில் எழுதியதற்கும் கல்லில் பொறித்ததற்கும் உள்ள வேற்றுமை இது. ப்ரோ டூல்ஸில், நடப்பிலுள்ள அமைப்பைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆட்டோ-அப்டேட் என்னும் தெரிவு ஒன்று உண்டு. ரீப்பரிலும் அமைப்பு மாறும்போது தானே சேமிக்கும் தெரிவு உண்டு. அவை இயங்கும் நிலையில் இருக்கின்றனவா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நலம்.

அவ்வாறாயின் முதல் நாளே பூட்டிவிடலாமா எனில், வேண்டா. புதிய அமைப்பைச் சில நாள் பூட்டாமலே பயன்படுத்துங்கள். வேலையின் போக்கில் கை எதைத் தேடுகிறது, எதை ஒதுக்குகிறது என்பது தெரிய வரும். அமைப்பும் அதற்கேற்பத் திருந்தும். இனி இதில் மாற்ற ஒன்றுமில்லை என்று தோன்றும்போது பூட்டுங்கள். பின்னர் மாற்றம் தேவையானால் பூட்டைத் திறந்து, மாற்றி, மீண்டும் பூட்டுங்கள். மாற்றம் நம் முடிவினால் நேர வேண்டுமேயன்றி, நம் கவனக் குறைவினால் நேரலாகாது.

அடுத்ததாக, இந்த அமைப்புகள் எங்கே தங்கியிருக்கின்றன என்பது. ஊர்விட்டு ஊர் வந்து, வீடு மாறிப் பழகிய நமக்கு இதனை விளக்குவது எளிது. வீடு மாறும்போது நம்மோடு வருபவை சில. சுவரோடு நின்றுவிடுபவை சில. பெட்டியும் பாத்திரமும் வரும். அடுப்படியில் பதித்த அலமாரி அங்கேயே இருக்கும். திரை அமைப்புகளும் இவ்விரு வகையினவே. லாஜிக்கில் அவை பாட்டின் பிராஜெக்டுக்குள்ளேயே தங்கியிருக்கின்றன. ப்ரோ டூல்ஸிலும் செஷனோடு தங்குகின்றன. கோப்பை எடுத்துக்கொண்டு வேறொரு கூடத்துக்குப் போனால் அமைப்பும் கூடவே வரும். ரீப்பரில் சாளர அமைப்புகள் அந்தக் கணினியின் அமைப்புக் கோப்பில் தங்குகின்றன. பாட்டை மட்டும் எடுத்துச் சென்றால் அவை வருவதில்லை. க்யூபேஸின் அண்மைப் பதிப்புகளில் இருவகையும் உண்டு. பாட்டோடு செல்பவை ஒருவகை. எல்லாப் பாட்டுகளுக்கும் பொதுவாய்க் கணினியில் இருப்பவை மற்றொரு வகை.

இரண்டிலும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உள்ளன. பாட்டோடு தங்கும் அமைப்பு நம்மோடு பயணம் செய்யும். ஆனால் அடுத்த புதிய பாட்டைத் தொடங்கினால் அங்கே அது இராது. கணினியோடு தங்கும் அமைப்பு எந்தப் பாட்டிலும் கிடைக்கும்; ஆனால் வேறோர் ஊரிலுள்ள கூடத்தின் கணினியில் கிடைக்காது. ஆகவே லாஜிக்கைப் பயன்படுத்துவோர், நான்கு அமைப்புகளையும் பூட்டி வைத்த வெற்றுப் பிராஜெக்ட் ஒன்றை டெம்ப்ளேட் எனச் சேமித்து, ஒவ்வொரு புதிய பாட்டையும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். முன்பே தொடங்கிவிட்ட பழைய பாட்டுக்கும் வழி உண்டு: பிராஜெக்ட் செட்டிங்ஸை வேறொரு பிராஜெக்டிலிருந்து கொணரும் கட்டளையில் ஸ்கிரீன்செட் என்பதை மட்டும் தேர்ந்தால், அமைப்புகள் வந்து சேரும். ரீப்பரைப் பயன்படுத்துவோர் கணினியின் அமைப்புகளை ஏற்றுமதி செய்யும் கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். கணினி பழுதடைந்தாலும் புதிய கணினி வாங்கினாலும் அது கைகொடுக்கும்.

ஒரு மென்பொருளின் அமைப்பை மற்றொன்றில் திறக்க இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். மும்பையில் ஒரு கூடத்தில் ப்ரோ டூல்ஸும் வீட்டில் லாஜிக்குமாக வேலை செய்வோர் இரண்டிலும் தனித்தனியே அமைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் எண்களின் பொருளை மாற்றாதிருக்கலாம் அன்றோ? 1 என்றால் எங்கும் பதிவு, 2 என்றால் எங்கும் திருத்தம், 3 என்றால் எங்கும் கலவை, 4 என்றால் எங்கும் கேட்டல் என்று வைத்துக்கொண்டால், மென்பொருள் மாறினும் மனத்தின் ஒழுங்கு மாறாது.

இடம் மாறுவோருக்கு நேரும் இன்னொரு தொல்லை, திரைகளின் எண்ணிக்கை. கூடத்தில் இரண்டு பெரிய மானிட்டர்களை வைத்து அமைத்த ஒன்றை, வீட்டில் மடிக்கணினியின் ஒற்றைத் திரையில் அழைத்தால், சாளரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சில திரையின் விளிம்புக்கு அப்பால் சென்று மறைந்தும் போகலாம். அதனை அங்கேயே நகர்த்திச் சரிசெய்து சேமித்தால், மறுநாள் கூடத்தில் அமைப்பு கெட்டிருக்கும். இதற்கு வீட்டு இலக்கம் போன்ற ஒரு முறையைக் கையாளலாம். 1 முதல் 4 வரை மடிக்கணினிக்கு. 11 முதல் 14 வரை இரட்டைத் திரைக்கு. கடைசி இலக்கம் வேலையைக் குறிக்கும். முன்னுள்ள இலக்கம் அறையைக் குறிக்கும். 3-உம் 13-உம் ஒரே வேலைதான், அறைதான் வேறு. லாஜிக்கில் ஓர் அமைப்பை டூப்ளிகேட் என்னும் கட்டளையால் வேறோர் எண்ணுக்கு நகல் எடுத்துப் பெயரிடவும் இயலும். ஆகவே எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டுவதில்லை.

‘கணினித் திரையில் சாளரங்களை அடுக்கி வைப்பதற்கு இவ்வளவு பேச்சா?’ என்று நேயர் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் பொருட்டு ஒரு காட்சியைக் கூறுகிறேன். மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு மூதாட்டி புனேயிலுள்ள பேரன் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்று நட்ட காலத்துப் பாட்டுகளும், தம் தாய் தமக்குப் பாடிய தாலாட்டும் அவர் நெஞ்சில் இருக்கின்றன. எழுதி வைக்கப்பட்டவை அல்ல. பேரன் பதிந்துகொள்ள விரும்புகிறான். பிற்பகலில் தெருவின் வண்டி ஓசை சற்றே அடங்கியிருக்கும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மூதாட்டி நாற்காலியில் அமர்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்குகிறார். நாலு அடி போனதும் பேரன் கை காட்டி நிறுத்துகிறான்: “கொஞ்சம் இருங்க அப்பத்தா.” மீட்டரைக் காணவில்லை. ஏதோ ஒரு சாளரம் அதனை மூடியிருக்கிறது. அதனை அகற்றினால் மிக்ஸர் வருகிறது. மிக்ஸரை மூடினால் பாட்டின் வரிசையும் உடன் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து, “இப்பப் பாடுங்க” என்கிறான். மூதாட்டி, “எதுல விட்டேன்?” என்று கேட்கிறார்.

வாய்மொழிப் பாட்டின் இயல்பு நேயர்கள் அறிந்ததே. அது ஏட்டைப் பார்த்து மறுபடி மறுபடி ஒரே வகையாகப் பாடப்படுவதன்று. பாடுகையில் ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்து வரும். ஒரு நினைவு ஓர் அடியைப் புதிதாகக் கொணரும். முதன்முறை பாடியபோது வந்த அடி இரண்டாம் முறை வராமற்போகலாம். நிறுத்தி நிறுத்திக் கேட்டால், ‘நம்மால் பிள்ளைக்குத் தொல்லை’ என்று எண்ணி அந்த முதியவர் பாட்டைச் சுருக்கிக்கொள்வார். “போதும்ப்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்பார். அந்த இன்னொரு நாள் எல்லா வீடுகளிலும் வாய்த்துவிடுவதில்லை. வேற்று மாநிலத்தில் பிறந்து வளரும் பேரக் குழந்தைகளுக்கு அப்பாட்டு கிடைக்க வேறு வழியும் இராது.

பூட்டப்பட்ட அமைப்பு ஒன்று இருந்திருக்குமானால், எழுந்த தொல்லை ஒரே விசையில் தீர்ந்திருக்கும். பேரன் திரையைப் பார்ப்பதை விடுத்துப் பாட்டியின் முகத்தைப் பார்த்திருப்பான். பழைய கூடத்துப் பொறியாளர் கண்ணாடி வழியே பாடுபவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன் அல்லவா? அந்த நிலையை மீட்டுத் தருவதே திரை அமைப்பின் பயன். பாடுபவர் தேர்ந்த வித்துவானாயினும் தொழில்முறைப் பாடகராயினும் இது மாறுவதில்லை. மைக்கின் முன் நிற்பவர் தம் எதிரில் இருப்பவரின் முகத்தை நோக்குகிறார். அந்த முகம் கேட்கும் முகமாக இருந்தால் குரல் மலரும். தேடும் முகமாக இருந்தால் குரல் தயங்கும்.

இதனைச் செய்து முடிக்கப் பெரும்பொழுது வேண்டுவதில்லை. பாடுபவர் எவரும் வராத ஒரு மாலையில் உட்காருங்கள். பழைய பாட்டு ஒன்றைத் திறந்து, பதிவு, திருத்தம், கலவை, கேட்டல் என்னும் நான்கு வேலைகளையும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வெவற்றைப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதாதவற்றை அந்தத் திரையிலிருந்து அகற்றுங்கள். நான்கு எண்களில் நான்கையும் வைத்து, வேலையின் பெயரையே அவற்றுக்குச் சூட்டுங்கள். ஒரு வாரம் பழகுங்கள், பின்பு பூட்டுங்கள். வெற்றுப் பிராஜெக்டாகச் சேமித்து, வேறொரு வட்டிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒருவர் உங்கள் அறைக்கு வந்து பாடத் தொடங்கும் முன், 1-ஐ ஒருமுறை அழுத்தி மீட்டர் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதன்பின் அவர் பாடட்டும், நீங்கள் கேளுங்கள்.